முதல் பைக், இறுக்கமான பட்ஜெட்: பழைய வண்டியில் எதைப் பார்த்து எடுப்பது?

புதுச்சாவி:
முதல் பைக் வாங்கணும். புது வண்டி எட்டாது, அதனால் செகண்ட் ஹேண்ட்தான். தினமும் 30 கிலோமீட்டர் போல ஓட்டம், பெரும்பாலும் நகர நெரிசல், எப்போதாவது நெடுஞ்சாலை. மூணு வண்டி பார்த்து வைத்திருக்கேன்: 8 வருஷம் ஆன 125 சிசி, கார்புரேட்டர்; 5 வருஷம் ஆன 110 சிசி, எஃப்ஐ (கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலை மின்முறையில் தெளிப்பது); 10 வருஷம் ஆன 250 சிசி ஸ்போர்ட்ஸ், முழு ஃபேரிங்கோடு. மூணும் கிட்டத்தட்ட ஒரே விலை. ஸ்பானர் பிடித்துப் பழக்கம் இல்லை. எது நடுரோட்டில் நிற்காது? நேரில் போகும்போது என்னென்ன பார்க்கணும்?

டேப்பெட்:
250-ஐ முதலில் ஒதுக்குங்க. இந்த வகை வண்டிகளில் பெரும்பாலானவை தண்ணீரில் குளிரும் இன்ஜின். ரேடியேட்டர், ஃபேன், தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் சீல் என்று கெட்டுப்போக நாலு பொருள் கூடுதல். வால்வ் இடைவெளி வைக்க ஸ்க்ரூ இருக்காது, ஷிம் (சிறு தகடு) மாற்றணும். பல மாடல்களில் அதற்குக் கேம்ஷாஃப்டையே கழற்ற வேண்டியிருக்கும். டயர் அகலம் அதிகம், விலையும் அதிகம். நின்ற இடத்தில் சாய்ந்தாலே ஃபேரிங் உடையும், புதுசா ஓட்டுறவங்க கையில் வண்டி ஒருமுறையாவது சாயும். வாங்கும் விலை ஒன்றாக இருந்தாலும் வைத்து ஓட்டும் செலவு ஒன்றாக இருக்காது.

உங்கள் ஓட்டத்துக்குக் காற்றில் குளிரும் ஒற்றை சிலிண்டர், 100-லிருந்து 150 சிசிக்குள், ஃபேரிங் இல்லாதது போதும். ஹோண்டா 1976-ல் கொண்டுவந்த சிஜி125 இதற்கு நல்ல உதாரணம். வால்வை இயக்கும் கேம் செயினே கிடையாது, அதற்குப் பதில் புஷ்ராட் என்ற கம்பி. பராமரிப்பு சரியாகக் கிடைக்காத இடத்திலும் ஓடணும் என்று நினைத்து வடிவமைத்த இன்ஜின் அது. வேகத்தில் அசத்தாது, ஆனால் எந்த மெக்கானிக்கும் திறந்து மூடிவிடுவார்.

மாடலை முடிவு செய்யும் முன் உதிரிபாகக் கடையில் ஏழு பொருளுக்கு விலை கேளுங்க: செயின் ஸ்பிராக்கெட் செட், கிளட்ச் பிளேட் செட், பிரேக் ஷூ அல்லது பேட், கிளட்ச் கேபிள், ஹெட்லைட் முழு செட், சிடிஐ அல்லது இசியு (பிளக் தீப்பொறியை இயக்கும் மின்பெட்டி), ஸ்டேட்டர் காயில் (பேட்டரிக்குச் சார்ஜ் தருவது). ஏழும் கையிருப்பில் இருந்தால் அது ஏழைக்கேற்ற வண்டி. "ஆர்டர் போட்டு வரவழைக்கணும்" என்ற பதில் இரண்டுக்கு மேல் வந்தால், வண்டி எவ்வளவு நன்றாக இருந்தாலும் வேண்டாம்.

காசுக்கணக்கு:
மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்கணும். பட்ஜெட் முழுவதையும் வண்டி மேலேயே போட்டுவிடாதீங்க. நாலில் ஒரு பங்கை முதலிலேயே தனியாக எடுத்து வைங்க. அதில் முதல் செலவு ஹெல்மெட், அதுவும் புதுசு. பழைய ஹெல்மெட் சும்மா கிடைத்தாலும் வாங்கக் கூடாது. உள்ளே இருக்கும் நுரை ஒருமுறை அடிபட்டு நசுங்கினால் மறுபடி எழும்பாது, வெளியே பார்த்தால் தெரியவும் தெரியாது.

மீதி காசு டயர், செயின் செட், பேட்டரிக்கு. பழைய வண்டியில் இந்த மூணில் ஒன்றோ இரண்டோ வந்தே தீரும். அதை விலை பேசும்போதே கழிக்கணும். "ஸ்பிராக்கெட் பல் கொக்கி மாதிரி வளைந்திருக்கு, செட்டே மாற்றணும்" என்று கடை விலையோடு சொன்னால் விற்கிறவருக்கு மறுக்க வழி இருக்காது. பொதுவா "விலை கொஞ்சம் பார்த்துப் போடுங்க" என்றால் பேருக்குத்தான் குறைப்பார்.

நடுஸ்டாண்ட்:
வண்டி ஸ்டார்ட் ஆகும் முன்பே பாதி தெரிந்துவிடும். பகல் வெளிச்சத்தில் போங்க. மழையில் நனைந்த வண்டி, அப்போதுதான் கழுவிய வண்டி இரண்டிலும் ஆயில் கசிவு தெரியாது.

சென்டர் ஸ்டாண்ட் போட்டு, பின்னால் ஒருவர் அமுக்கி முன்சக்கரத்தைத் தூக்கட்டும். ஹேண்டிலை ஒரு விரலால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு மெதுவாகத் தள்ளுங்க. வழுக்கிக்கொண்டு போகணும். நேராக நிற்கும் இடத்தில் 'டக்' என்று உட்கார்ந்தால் கோன் செட் (ஹேண்டில் சுழலும் பேரிங்) பள்ளம் விழுந்துவிட்டது. நேராக ஓட்டும்போது ஹேண்டில் அந்தப் பள்ளத்திலேயே சிக்கும், வண்டி இடமும் வலமும் அலையும். கோன் செட் பெரிய விலை இல்லை, கூலிதான் அதிகம். அடுத்து ஃபோர்க்கின் அடிப்பகுதியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்க. ஆட்டம் இருந்தால் கோன் தளர்ந்திருக்கலாம் அல்லது ஃபோர்க் புஷ் தேய்ந்திருக்கலாம். பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டும்போது ஸ்விங் ஆர்மும் (பின்சக்கரத்தைத் தாங்கும் கை) சேர்ந்து ஆடினால் ஸ்விங் ஆர்ம் புஷ், சக்கரம் மட்டும் ஆடினால் வீல் பேரிங்.

ஃபோர்க் குழாயில் விரல் வைத்து மேலிருந்து கீழே தடவுங்க. ஆயில் வளையம் மட்டும் என்றால் சீல் மாற்றினால் போதும். குரோமில் துருப்புள்ளி விரல் நகத்தில் தட்டினால் புது சீலையும் அந்தப் புள்ளி அரைத்துவிடும். அப்போது குழாயே மாற்றணும், கணக்கு வேறாகிவிடும்.

விழுந்த வண்டியா என்று பார்க்க டேங்க் பெயின்ட்டைப் பார்க்காதீங்க, அதை யாரும் அடித்துவிடலாம். பிரேக் லீவர் நுனி, ஹேண்டில் பார் முனை, ஃபுட் ரெஸ்ட் முனை, சைலென்சர் பக்கம் இந்த நாலும் பாருங்க. முக்கியமானது ஹேண்டிலை முழுசா திருப்பினால் முட்டும் ஸ்டாப்பர். அது நசுங்கியிருந்தால் முன்பக்கம் பலமாக அடிபட்ட வண்டி. ஃபிரேம் கழுத்துப் பகுதியில் வெல்டிங் ஓரத்தில் பெயின்ட் வெடித்திருந்தாலும், அங்கே மட்டும் புது பெயின்ட் இருந்தாலும் விலகிவிடுங்க. வண்டிக்குப் பத்தடி பின்னால் குனிந்து பாருங்க: இரண்டு டயரும் ஒரே கோட்டில் நிற்கணும். நிற்கவில்லை என்றால் முதலில் செயின் அட்ஜஸ்டர் கோடுகள் இரு பக்கமும் ஒரே எண்ணில் இருக்கா என்று பாருங்க, அது சரியாக இருந்தும் விலகினால்தான் ஃபிரேம் சந்தேகம்.

ஸ்டேன்ட் போட்ட நிலையிலேயே செயினைப் பின் ஸ்பிராக்கெட்டின் கடைசிப் பல்லில் பிடித்து நேர் பின்னால் இழுங்க. பாதிப் பல்லுக்கு மேல் வெளியே தெரிந்தால் செயின் நீண்டுவிட்டது. அட்ஜஸ்டரில் இன்னும் இடம் இருக்கு என்று சொன்னால் நம்பாதீங்க.

கிக்கர்:
போவதற்கு முன் போனிலேயே சொல்லிடுங்க: "வந்து நான்தான் முதலில் ஸ்டார்ட் பண்ணுவேன், வண்டியை ஆறவிட்டு வைங்க." போனவுடன் சைலென்சர் பக்கம் புறங்கையைக் கொண்டு போங்க, தொடவேண்டாம். சூடு தெரிந்தால் ஸ்டார்ட் ஆகச் சிரமப்படுத்தும் வண்டியை முன்கூட்டியே ஓட்டி வைத்திருக்கலாம். ஒரு மணி நேரம் கழித்து வருவதாகச் சொல்லிக் கிளம்பிடுங்க.

புகைதான் அடுத்தது. குளிர்ந்த காலையில் வெள்ளையாக வந்து ஒரு நிமிஷத்தில் மறைவது நீராவி, பயமில்லை. ஸ்டார்ட் ஆனதும் ஒரு நீலப் புகை வந்து உடனே நின்றால் வால்வ் சீல் இறுகிப்போயிருக்கு. இரவெல்லாம் ஆயில் சொட்டி உள்ளே இறங்குது. ஆக்சிலேட்டரை முறுக்கி ஏற்றத்தில் இழுக்கும்போது தொடர்ந்து நீலம் வந்தால் பிஸ்டன் ரிங், போர் தேய்மானம். அது இன்ஜின் வேலை. கறுப்புப் புகை ஆயில் இல்லை, பெட்ரோல் அதிகம்: ஏர் ஃபில்டர் அடைப்பு, சோக் ஒட்டிக்கொண்டது, கார்புரேட்டர் மிதவை சரியில்லாதது. இதில் பெரும்பாலானது சிறு செலவு.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்க்க விட்டால் நல்லது. இளம்பழுப்பு நிறம் சரி. காய்ந்த கரி என்றால் பெட்ரோல் கூடுதல், ஈரமான கறுப்பு என்றால் ஆயில் எரியுது.

ஆயில்கேன்:
கிக்கர் சொன்னதில் ஒன்று விட்டுப்போச்சு: சத்தம். புதுசா வாங்குறவங்க 'டிக் டிக்' என்ற டேப்பெட் (வால்வ் இடைவெளி) சத்தத்தைக் கேட்டு ஓடிவிடுறாங்க, சத்தமே இல்லாத வண்டியை வாங்கிடுறாங்க. உண்மை தலைகீழ். வால்வ் இடைவெளி அதிகமானால் சத்தம் வரும், அதனால் உடனே எதுவும் கெடாது. இடைவெளி குறைந்து இறுகினால் சத்தமே இருக்காது, ஆனால் எக்ஸாஸ்ட் வால்வ் முழுசா மூடாமல் சூடாகி எரிந்துபோகும். சீரான மெல்லிய டிக் டிக்கைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

பயப்பட வேண்டியது அடியிலிருந்து வரும் 'டொக் டொக்'. ஆக்சிலேட்டர் ஏற ஏற, லோடு விழ விழ அதிகமாகும். அது கனெக்டிங் ராட் பேரிங். இன்ஜினைப் பிரித்து கிராங்கை வெளியே எடுக்கணும். விலை பாதியானாலும் வேண்டாம்.

ஆயில் அளவு பார்க்கும் கம்பியைத் துடைத்து மறுபடி விட்டு எடுத்துப் பாருங்க. கறுப்பு நிறம் தப்பில்லை. பால் கலந்த காபி மாதிரி இருந்தால் தண்ணீர் கலந்திருக்கு. விரலில் தேய்த்தால் மின்னும் பொடி இருந்தால் உள்ளே உலோகம் தேயுது.

டேப்பெட்:
ஆயில்கேன் சொன்னது ஸ்க்ரூ டேப்பெட் உள்ள இன்ஜினுக்கு முழுசும் பொருந்தும். ஆனால் சத்தம் சீராக இல்லாமல் விட்டு விட்டு 'சர் சர்' என்று உரசினால் அது கேம் செயின், டேப்பெட் அல்ல. டென்ஷனர் மாற்றினால் அடங்கலாம். அடங்காவிட்டால் செயினும் கைடும் மாற்றணும்.

வயர்மேன்:
மல்டிமீட்டர் ஒன்று கையில் இருந்தால் எலக்ட்ரிக்கல் கணக்கு மூணு எண்ணில் முடிந்துவிடும். சும்மா நின்ற வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் பக்கம் இருக்கணும். செல்ஃப் அடிக்கும்போது 10-க்குக் கீழ் விழுந்தால் பேட்டரி தளர்ந்துவிட்டது. ஓடவிட்டு ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் ஏற்றினால் 13.5-லிருந்து 14.5 வரை காட்டணும். 13-ஐத் தாண்டவே இல்லை என்றால் ஸ்டேட்டர் காயில் அல்லது ரெகுலேட்டர்; 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போச்சு, புதுப் பேட்டரி போட்டாலும் கொதித்துக் கெடும். "பேட்டரி மட்டும் வீக், மாற்றினால் போதும்" என்ற பேச்சு நிஜமா என்று இந்த மூணாவது எண் சொல்லிவிடும்.

எஃப்ஐ வண்டியில் சாவி போட்டதும் இன்ஜின் விளக்கு எரியணும், சில நொடியிலோ ஸ்டார்ட் ஆனதுமோ அணையணும். அணையாமல் இருந்தால் கோளாறு பதிவாகியிருக்கு. எரியவே இல்லை என்றால் இன்னும் மோசம்: யாரோ விளக்கைத் துண்டித்திருக்கலாம்.

சீட்டைத் தூக்கி வயரிங்கைப் பாருங்க. டேப் சுற்றிய ஒட்டு நாலைந்து இடத்தில் இருந்தால், ஹார்ன், எல்இடி, அலாரம் என்று மெயின் வயரிலிருந்து கிளை எடுத்திருந்தால், அந்த வண்டி வெயிலில் ஓடும், மழையில் நிற்கும். புதியவருக்கு இந்த ஒரு கோளாறு கண்டுபிடிப்பதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம்.

ரெண்டாம்கியர்:
டெஸ்ட் ரைட் கால் மணி நேரமாவது போகணும், இன்ஜின் நன்றாகச் சூடேறணும். இக்னிஷன் காயில், சிடிஐ கோளாறெல்லாம் சூட்டில்தான் தலைகாட்டும். திரும்பி வந்து அணைத்து, ஐந்து நிமிஷம் விட்டு மறுபடி ஸ்டார்ட் பண்ணுங்க.

கிளட்ச் பார்க்க: டாப் கியரில் 40 கி.மீ. வேகத்தில் திடீரென்று முழு ஆக்சிலேட்டர். இன்ஜின் சத்தம் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குது. உடனே பிளேட் என்று முடிவு கட்டாதீங்க. லீவர் நுனியில் 10-லிருந்து 20 மி.மீ. தளர்வு இருக்கா பாருங்க. கேபிள் இறுகி இருந்தாலும் வழுக்கும். கார் ஆயில் ஊற்றியிருந்தாலும் வழுக்கலாம், அதில் உராய்வைக் குறைக்கும் சரக்கு இருக்கும். பைக்குக்கு டப்பாவில் ஜாசோ எம்ஏ (JASO MA) அல்லது எம்ஏ2 (MA2) என்று போட்டிருக்கணும்.

கியர் பார்க்க: 2-வது கியரில் நன்றாக இழுத்து, ஆக்சிலேட்டரைச் சட்டென்று விட்டு, மறுபடி இழுங்க. நியூட்ரலுக்குத் துள்ளி விழுந்தால் கியரின் பல்கட்டை தேய்ந்திருக்கு. பெரும்பாலான ஒற்றை சிலிண்டர் இன்ஜினில் அதற்குக் கிராங்க் கேஸைப் பிளந்தே ஆகணும். இது ஒன்று இருந்தால் மற்ற எதையும் பார்க்க வேண்டாம்.

காலி ரோட்டில் ஹேண்டிலைப் பிடித்த கையை லேசாகத் தளர்த்துங்க, விட்டுவிடாதீங்க. ஒரு பக்கமே இழுத்தால் முன்னே நடுஸ்டாண்ட் எழுதியதை மறுபடி படிங்க.

காசுக்கணக்கு:
பேப்பர் பற்றி யாரும் பேசவில்லை. ஃபிரேமில் குத்திய எண், இன்ஜின் எண் இரண்டையும் பதிவுச் சான்றோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்க. எண் குத்திய இடத்தில் அரத்தால் ராவிய தடம், புதுப் பெயின்ட் இருந்தால் அங்கேயே கிளம்பிடுங்க. கடன் பாக்கி தீர்ந்ததற்குச் சான்று கைக்கு வராமல் முழுப்பணம் தரக் கூடாது. பெயர் மாற்றம் "அப்புறம் பார்த்துக்கலாம்" என்றால், அதுவரை பணத்திலும் ஒரு பகுதி அப்புறம்தான்.

புதுச்சாவி:
இரண்டையும் பார்த்தாச்சு. 125: ஆறியிருந்தது, சோக் போட்டதும் ஸ்டார்ட் ஆச்சு. முதலில் கொஞ்சம் நீலப்புகை, உடனே நின்னுச்சு, ஓட்டும்போது இல்லை. சீரான டிக் டிக் இருக்கு. செயின் இழுத்தால் முக்கால் பல் தெரியுது. வலது ஃபோர்க்கில் ஆயில் வளையம், குரோம் வழவழன்னு இருக்கு. ஓடும்போது 14.1 வோல்ட். முன் டயரில் 1417 என்று ஒரு எண்.
110: சுத்தமா இருக்கு, சத்தமே இல்லை, செல்ஃப் ஒரே அழுத்தில் எடுக்குது. ஆனால் போகும்போதே இன்ஜின் சூடு. சாவி போட்டால் இன்ஜின் விளக்கு எரியவில்லை. மீட்டரில் 19,000, ஃபுட் ரெஸ்ட் ரப்பர் மட்டும் மொழுமொழுன்னு தேய்ந்திருக்கு. ஹேண்டில் நடுவில் லேசா சிக்குது. எஃப்ஐ, வயசும் குறைவு என்பதால் மனசு அங்கே போகுது.

வயர்மேன்:
110 வேண்டாம். எரியாத விளக்கும், மீட்டருக்குப் பொருந்தாத ரப்பரும் (மீட்டரைத் திருப்பியிருக்கலாம்), சூடு பண்ணி வைத்த இன்ஜினும் மூணும் ஒரே வண்டியில். தனித்தனியாக ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்லலாம், சேர்ந்து வந்தால் முடியாது. எஃப்ஐ மேல் தப்பில்லை; நல்ல எஃப்ஐ வண்டி கார்புரேட்டரைவிட நிம்மதி. ஆனால் பம்ப்போ சென்சாரோ போனால் உதிரிபாகம் விலை கூடுதல், ரோட்டோரத்தில் சரி பண்ணவும் முடியாது.

கிக்கர்:
125-ல் நீங்க எழுதியது எல்லாமே விலை தெரிந்த கோளாறு. வால்வ் சீல் உடனே மாற்றவேண்டாம். ஆயில் அளவை 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை பாருங்க. கம்பியின் மேல் கோட்டிலிருந்து கீழ்க்கோட்டுக்கு அதற்குள் இறங்கினால் மட்டும் ஹெட் வேலை. இந்த அளவு இன்ஜினில் மொத்த ஆயிலே பெரும்பாலும் 1 லிட்டர் சுற்றுவட்டம்தான், கால் லிட்டர் குறைந்தாலே பெரிய குறைவு. சந்தேகம் தீரணும் என்றால் மெக்கானிக்கிடம் கம்ப்ரஷன் பார்க்கச் சொல்லுங்க, ஆக்சிலேட்டர் முழுசா திறந்து. குறைவாகக் காட்டினால் பிளக் துளை வழியே ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்ப்பார்: எண் ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வ்.

காசுக்கணக்கு:
செயின் செட், முன் டயர், ஃபோர்க் சீல் ஜோடி. மூணுக்கும் கடை விலையும் கூலியும் எழுதிக் கொண்டுபோய் அதைக் கழித்துக் கேளுங்க. சீல் ஒரு பக்கம் கசிந்தாலும் இரண்டு பக்கமும் மாற்றணும். இரண்டு ஃபோர்க்கிலும் ஆயில் ஒரே அளவு இருக்கணும். செயினை மட்டும் மாற்றி ஸ்பிராக்கெட்டைப் பழசாக விடாதீங்க. தேய்ந்த பல் புதுச் செயினைச் சீக்கிரமே நீட்டிவிடும்.

புதுச்சாவி:
சரி, 125-தான். எடுத்த முதல் வாரம் என்ன வேலை செய்யச் சொல்லணும்? அந்த 1417 என்ன?

ஆயில்கேன்:
இன்ஜின் ஆயில் முதலில். போன தடவை எப்போது மாற்றினார் என்ற பதிலை நம்பாமல் மாற்றிடுங்க. ஓடவிட்டுச் சூடாக்கித்தான் வடிக்கணும், அப்போதுதான் கசடும் சேர்ந்து இறங்கும். வடிபிளக் வாஷர் புதுசு. ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக் இரண்டும் மாற்றணும். டிஸ்க் இருந்தால் பிரேக் ஆயில். டாட் 4 (DOT 4) வகை பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றணும், கறுத்திருந்தால் உடனே. டிரம் என்றால் பின்சக்கரத்தைக் கழற்றும்போதே ஷூவைப் பார்த்துவிடச் சொல்லுங்க. டேங்குக்குள் டார்ச் அடித்துத் துரு இருக்கா பாருங்க. இருந்தால் பெட்ரோல் ஃபில்டர் ஒன்று போடணும், இல்லாவிட்டால் கார்புரேட்டரின் ஸ்லோ ஜெட் (சிறு துளை) அடைத்து ஐடிலிங் நிற்காது.

டேப்பெட் (வால்வ் இடைவெளி) வைக்கும்போது பக்கத்தில் நில்லுங்க. இன்ஜின் ராத்திரி முழுக்க ஆறியிருக்கணும், சூட்டில் வைத்தால் கணக்குத் தப்பும். மேக்னட் பக்க மூடியைத் திறந்து 'டி' கோடு நேர் வரும் வரை கிராங்கைச் சுற்றணும். அந்த நிலையில் இரண்டு ராக்கரிலும் (வால்வை அமுக்கும் கை) லேசான ஆட்டம் இருக்கணும். இறுக்கமாக இருந்தால் இன்னும் ஒரு முழுச் சுற்று. பிறகு இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் தகட்டை உள்ளே விட்டு, ஸ்க்ரூவைப் பிடித்தபடியே லாக் நட்டை முறுக்கி, மறுபடி தகட்டால் பார்க்கணும். நட்டை முறுக்கும்போது ஸ்க்ரூவும் கொஞ்சம் சுற்றிவிடும், அதனால்தான் அந்த இரண்டாவது பார்வை. அளவு மாடலுக்கு மாடல் மாறும், கையேட்டில் இருக்கும். காதால் கேட்டு வைக்கிறவரிடம் கொடுக்காதீங்க.

நடுஸ்டாண்ட்:
1417 டயர் செய்த தேதி: முதல் இரண்டு எண் வாரம், அடுத்த இரண்டும் வருஷம். 2017-ன் 14-வது வாரம். பட்டன் எவ்வளவு மீதி இருந்தாலும் ரப்பர் இறுகியிருக்கும், ஈர ரோட்டில் பிடிக்காது. பக்கச்சுவரில் தலைமுடி போன்ற வெடிப்புகள் இருக்கா பாருங்க. புதுசு போடும்போது பக்கச்சுவரில் உள்ள அம்புக்குறி சக்கரம் சுற்றும் பக்கம் நோக்கி இருக்கணும். டியூப் டயர் என்றால் டியூபும் புதுசு. கடையில் எண்ணைப் பார்த்தே வாங்குங்க, கிடங்கில் பழசான டயரும் புது விலையில் வரும். முதல் 150 கிலோமீட்டர் வளைவில் சாய்க்காமல், திடீர் பிரேக் போடாமல் ஓட்டணும். மேல்பரப்பு வழுக்கலாகத்தான் இருக்கும். காற்றை டயர் ஆறியிருக்கும்போது அளங்க, ஓட்டி வந்த உடனே அளந்தால் கூடுதலாகக் காட்டும்.